அடித்தண்ணி

என் சித்தப்பா மகன் மூச்சு விடுவதற்கென்று சேமித்து வைத்திருந்த மின்சாரத்தை நான் ஏசி ஓட்டித் தீர்த்தேன். தீர்த்தது நான்தான் என்று தெரிந்துகொண்டே, பழி அவன் மனைவி மேல் விழும்படி நாலு பேர் முன்னால் பேசினேன். இதைச் செய்தபோது எனக்கு எழுபது தாண்டியிருந்தது. வாழ்நாளில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுத்துக் கழித்தவன் நான். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

எங்கள் ஊர் மலையாள எல்லைக்குள், எருத்தேன்பதிப் பக்கம். தென்னந்தோப்புக்கு நடுவே பங்காளிகள் நான்கு வீடு, நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கிணறு. யாருக்கு எந்த நாள் முறை என்பது எங்கள் அப்பாக்கள் பிரித்து வைத்தபடியே இன்றும் நடக்கிறது. முறை யாருடையதாக இருந்தாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிணற்றின் கடைசிப் படி வெளியே தெரிந்துவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே இருப்பது அடித்தண்ணி. மாட்டுக்கும் குடிக்கவும் அது வேண்டும். பயிர் காய்ந்தாலும் அதில் கை வைக்க மாட்டோம். ஒரு இரவு விட்டால் ஊற்றுக் கண் திறந்து மறுபடி ஊறிவிடும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு யாருக்கும் பெரிய பாரமாக இருந்ததில்லை.

மின்சாரத்தில்தான் எங்களுக்குக் கஷ்டம். லைனின் கடைக்கோடியில் இருக்கிறோம். கணவாய் வழியாகக் காற்று கிளம்பினால் எங்காவது ஒரு மட்டை கம்பி மேல் விழும். செக்‌ஷன் ஆபீஸுக்கு போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். மற்ற மூன்று வீடுகளும் விசிறியை எடுத்து வீசிக்கொண்டு பொழுதை ஓட்டிவிடலாம். சித்தப்பா மகனான தம்பி வீட்டில் அப்படி முடியாது. பீடியும், அவன் நடத்திய மாவு மில்லின் தூசியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. அறைக் காற்றை இழுத்து அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அது நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும்தான் தாங்கும்.

அதனால்தான் நான்கு வீடும் சேர்ந்து மோட்டார் ரூம் கூரையிலும் பக்கத்துத் தரிசிலும் சோலார் தகடுகள் போட்டோம். மோட்டார் ரூமுக்குள் பீரோ மாதிரி நிற்கிற லித்தியம் பேட்டரி ஒன்றும் வைத்தோம். யோசனை என்னுடையது. அதைப் பங்காளிகளுக்கு விளக்கியதும் நான்தான்.

"கெணறு மாதிரியேதாங்க. பகல்ல வெயில்ல ஊறும். கரண்டு போனா எறைச்சுக்கலாம். கடைசிக் கால்வாசியைத் தொடக் கூடாது. அது அடித்தண்ணி. தம்பி மெஷினுக்கு."

அடித்தண்ணி என்றதும் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. பேட்டரியிலிருந்து இரண்டு லைன் இழுத்தோம். ஒன்று நான்கு வீட்டுக்கும் பொது. இன்னொன்று தம்பியின் மெஷினுக்கு மட்டும். சார்ஜ் கால்வாசிக்கு இறங்கியதும் பொது லைன் தானாக நின்றுவிடும், தம்பியின் லைன் மட்டும் ஓடும். அந்தக் கால்வாசி என்ற அளவை என் போனிலிருந்து மாற்ற முடியும். பாஸ்வேர்டு என்னிடம் மட்டும் இருந்தது. படித்தவன் கையில் இருக்கட்டும் என்று எல்லாரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். பேட்டரியில் ஏசி, கிரைண்டர், மோட்டார் எதுவும் போடக் கூடாது என்றும் பேசிக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் வீட்டுப் பெண்கள் எல்லாம், "பேட்டரி ஊறிருச்சுங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். என் உவமை ஊரில் வேர் பிடித்துவிட்டது என்று ஒரு கர்வம். உவமையில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். கிணறு மழையிலும் ஊறும், இருட்டிலும் ஊறும். பேட்டரிக்கு வெயில் வேண்டும். அதை நான் ஒரு தடவைகூட எடுத்துச் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் என் மகன் குடும்பத்தோடு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தான். அவர்களுக்காகவே மேற்குப் பக்க அறையில் ஏசி வைத்திருந்தோம். லைனில் கரண்ட் இருந்தவரை அதில் தப்பொன்றும் இல்லை. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் சூறைக்காற்று அடித்து, தோப்புக்கு வெளியே இரண்டு கம்பம் சாய்ந்தது. இன்றைக்குச் சரியாகாது என்று லைன்மேன் சொல்லிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. சின்னது அழுது அழுது தொண்டை கட்டிப் போயிருந்தது. மருமகள் முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகன், "இவ்வளவு பெரிய பேட்டரி இருக்குதில்லப்பா?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு எங்கள் கட்டுப்பாடு தெரியாது. சொல்லியிருக்கலாம். பையன் முன்னால் கையாலாகாதவனாக நிற்க எனக்கு மனம் வரவில்லை.

போனை எடுத்துக் கால்வாசி என்று இருந்த அளவைப் பூஜ்யமாக மாற்றினேன். ஏசியைப் போட்டேன்.

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அது கொழுந்தனாருக்கு வெச்சதில்லீங்களா?"

"விடிஞ்சா ஊறிரும், போ" என்றேன்.

இயற்பியல் படித்த வாய் அது. ஊருக்காக நான் செய்து கொடுத்த சொல்லையே எனக்குச் சமாதானமாக எடுத்துக்கொண்டேன்.

விடிந்தபோது வெயில் இல்லை. வானம் அடைத்துக்கொண்டு தூறல் போட்டது. கோடையில் இப்படி ஒரு மழை வந்தால் ஊரே கொண்டாடும். கீழ்த்தோட்டத்துப் பங்காளி வரப்பில் நின்றுகொண்டு, "மாஷே, தென்னைக்கு உசுரு வந்துருச்சுங்க!" என்று கத்தினார். வாத்தியாரை எங்கள் பக்கம் மாஷ் என்பார்கள். நான் போனைப் பார்த்தேன். அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. விடிந்ததுமே ஏசியை நிறுத்திவிட்டிருந்தேன். ஆனால் நான்கு வீட்டு விசிறிகளும், டிவியும், ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டிருந்தன. அப்போது அளவைப் பழையபடி கால்வாசிக்கு மாற்றியிருந்தால் பொது லைன் உடனே நின்றிருக்கும். மிச்சம் இருந்தது முழுக்கத் தம்பிக்குப் போயிருக்கும். மாற்றினால் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் கரண்ட் போகும், ஏன் என்று கேட்பார்கள் என்று யோசித்தேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் வானம் வெளுத்துவிடும் என்று முற்றத்துக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். ஏசி போட்டதைக்கூட ஆசையில் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் காத்திருப்புக்கு என்னால் எந்தப் பெயரும் வைக்க முடியவில்லை.

மத்தியானத்துக்கு முன்பே எல்லாம் நின்றது. தம்பி மனைவி மழையோடு மழையாக ஓடி வந்தாள்.

"மாமா! மெஷின் நின்னு போச்சுங் மாமா! அவரு மூச்சுக்கு அல்லாடறாருங்க!"

என் மகன் தம்பியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காரில் போட்டான். சின்ன சிலிண்டரை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். சித்தூர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தம்பியின் உதடு நீலம் பூத்துவிட்டது. பிழைத்துக்கொண்டான். டாக்டர் வந்து ஆபத்தில்லை என்று சொன்னதும் அவள் என் மகனின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சாமி, நீ மட்டும் இல்லைன்னா இன்னேரம் நான் என்ன ஆயிருப்பேன்?" பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க குடும்பத்துக்கு நான் என்னத்தைத் திருப்பிச் செய்யப் போறனுங் மாமா?" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கு அம்மிணி" என்றேன். மிகவும் பெருந்தன்மையான குரலில் சொன்னேன்.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் போனில் அளவைப் பழையபடி கால்வாசிக்கு மாற்றி வைத்தேன்.

லைன் சரியான பிறகு பங்காளிகள் மோட்டார் ரூமில் கூடினோம். கீழ்த்தோட்டத்துக்காரரும், பால் சொசைட்டியில் வேலை பார்க்கிற இன்னொரு பங்காளியும் இருந்தார்கள். தம்பி மனைவியும் மாற்றுத் துணி எடுக்க வந்தவள் அப்படியே வந்து நின்றாள். எங்கள் கிணற்றடியில் ஒரு பழக்கம் உண்டு. முறை தப்பித் தண்ணீர் எடுத்தது யார் என்ற வழக்கு வந்தால் சாட்சி கேட்பதில்லை. கேட்டால், எடுத்தவன் ஒத்துக்கொள்வான். இல்லை என்று ஒருவன் சொன்னால் அதோடு விட்டுவிடுவோம். கிணற்று மேட்டில் நின்று பொய் சொன்னவன் எங்கள் வம்சத்தில் இல்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

"மாஷே, அடித்தண்ணியக் குடிச்சது யாருங்க?" என்று கீழ்த்தோட்டத்துக்காரர் ஆரம்பித்தார்.

நான் போனை எடுத்தேன். தம்பி லைனின் கணக்கை மட்டும் திறந்து காட்டினேன். "ராத்திரி முச்சூடும் இந்த லைன்ல லோடு இருந்திருக்குதுங்க."

அது உண்மை. மெஷின் ஓடினால் லோடு இருக்கத்தானே செய்யும்? அந்த உண்மையைத்தான் நான் கத்தி மாதிரி எடுத்து நீட்டினேன்.

"அந்த மெசினு அத்தனையா இழுக்கும்?"

"எனக்கும் அதாங்க புரியலை." தங்கள் வீட்டு விசிறியும் கடைசி வரை ஓடியது எப்படி என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சொசைட்டிக்காரர் அவளைப் பார்த்தார். "ஏம்மிணி, கடைக்கு மாவு குடுக்கோணும்னு கிரைண்டரை அந்த லைன்ல போட்டயா?"

அவள் மாவு அரைத்து டீக்கடைகளுக்கும் நாலைந்து வீடுகளுக்கும் கொடுத்து வந்தாள். தம்பி படுத்த பிறகு அதுதான் வீட்டுக்கு வருமானம். லைனில் கரண்ட் இருக்கும் பகல் நேரத்தில்தான் அரைப்பாள்.

"இல்லீங்க. சத்தியமா நான் போடலீங்க."

"போடாம எங்க போச்சாம்? பேட்டரி என்ன ஓட்டைக் கொடமா, ஒழுகிப் போறதுக்கு?" என்றார் கீழ்த்தோட்டத்துக்காரர். அவருடைய பேச்சே அப்படித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் உதட்டை விரித்தேன்.

அவள் அவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க சொல்லுங்க. உங்க போன்ல எல்லாம் தெரியுமில்லீங்களா?"

"போன்ல அத்தனை வெவரமாத் தெரியாது அம்மிணி" என்றேன்.

பொது லைனில் விடிய விடிய ஏசி இழுத்த அளவு, விரலால் ஒரு தள்ளு தள்ளினால் தெரிகிற இடத்தில் இருந்தது.

இனிமேல் அவள் வீட்டில் கிரைண்டரே வைத்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அவள் சண்டை போடவில்லை. "உங்க கரண்டே எங்களுக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மூட்டையோடு போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியை அவள் ஊருக்குக் கூட்டி வரவில்லை. சித்தூரிலேயே, ஆஸ்பத்திரி பக்கமாக ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். மாவுத் தொழில் நின்றது. அங்கே யாரோ ஒருவர் வீட்டில் சமைக்கப் போனாள். சொந்தத் தோப்பு உள்ள வீட்டுப் பெண்.

நான் மாதம் தவறாமல் தேங்காயும் காயும் எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போனேன். பாசம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தம்பி பழைய கிண்டலை விடவில்லை. "வாங்கண்ணா, எந்தப் பையனை இன்னிக்குப் பெஞ்சு மேல ஏத்துனீங்க?" என்பான், இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு. கரண்ட் பற்றி அவன் ஒருபோதும் பேசவில்லை. அதை நான் என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

இப்படியே மறு கோடையும் வந்தது. ஒரு நாள் காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் நகராமல் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு நான் கிரைண்டரைப் போட்டிருப்பேனோன்னு இப்பெல்லாம் எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. தூக்கமில்லாம இருந்தேன். அரிசி ஊறப் போட்டது நெனப்பிருக்குது. அரைச்சனா, இல்லையான்னு நெனச்சுப் பாத்தா ஒரு நாள் அரைச்ச மாதிரி இருக்குது, ஒரு நாள் இல்லாத மாதிரி இருக்குது. நானே என்ற ஊட்டுக்காரரைக் கொல்லப் பாத்தனா மாமா?"

அவள் பேரையும் பிழைப்பையும் நான் கெடுத்தது எனக்குத் தெரியும். அவளுக்குத் தன் மேலேயே இருந்த நம்பிக்கையையும் எடுத்துவிட்டேன் என்பது அந்த நிமிடம் வரை தெரியாது. காப்பியைக் கீழே வைத்தேன்.

"நீ போடலை அம்மிணி. நான்தான் ஏசி போட்டேன். அடித்தண்ணியத் தெறந்து விட்டதும் நான்தான். போன்ல எல்லாம் தெரிஞ்சுது. மறைச்சுட்டேன்."

அவள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலில் இருந்தவன் பக்கம்தான் திரும்பினாள். அவன் தலையைக் குனிந்திருந்தான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசினான். "எங்க ஜன்னலுக்கு நேராத்தானே… அவங்க ஏசியோட வெளிப்பொட்டி இருக்குது. ஊரெல்லாம் கரண்டு இல்லை… அது மட்டும் ஓடுது. கேட்டுட்டேதான் படுத்திருந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"அண்ணன் பையன் என்னைத் தூக்கிட்டு ஓடுனான் அம்மிணி. எப்படிச் சொல்றது? அண்ணன் ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்கோணுமில்ல?"

"அப்ப நான்?" என்றாள். "நான் நிமிந்து நடக்க வேண்டாமுங்களா? அண்ணனும் தம்பியும் சேந்து ஒருத்தரை ஒருத்தர் நல்லாக் காப்பாத்திக்கிட்டீங்க. நடுவுல நாந்தான் வெளியாளு."

பிறகு அவள் என்னிடம், "எனக்குன்னு நீங்க எதுவும் குடுக்க வேண்டாமுங்க. எங்க வெச்சுச் சொன்னீங்களோ, அங்க வெச்சு, அதே ஆளுக முன்னால சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். மோட்டார் ரூமில் அதே இரண்டு பேரையும் கூப்பிட்டு, போனில் அந்த நாளின் கணக்கைத் திறந்து காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னேன். கீழ்த்தோட்டத்துக்காரர் மீசையைத் தடவினார்.

"அட, உடுங்க மாஷே. பேரப்பசங்களுக்காகத்தானே செஞ்சீங்க? நாங்களா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்போம்."

"ஊட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளின்னு வந்தா ஒருநாள் முன்னப்பின்ன ஆகத்தாங்க செய்யும்" என்றார் சொசைட்டிக்காரர். டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இதை அப்படியே போய் அவளிடம் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நான் செஞ்சேன்னு நெனச்சப்ப ஒருத்தரும் 'பொழப்புக்காகத்தானே செஞ்சே'ன்னு சொல்லலீங்களே மாமா."

ஊருக்குத் திரும்பி வந்து, என் வீட்டுக்குப் போகிற பேட்டரி ஒயரைக் கழற்றிப் போட்டேன். என் பங்கையும் தம்பி வீட்டுக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இது நடிப்பு என்று ஊரில் சிரித்தார்கள். "மாஷு சத்தியாக்கிரகம் இருக்கறாருங்க" என்றார் கீழ்த்தோட்டத்துக்காரர். ஓரளவு நடிப்பும்தான். கரண்ட் போன மத்தியானங்களில் என்னோடு சேர்ந்து வியர்த்தது என் மனைவி. தண்டனையையும் நான் இன்னொருத்தி தலையில் பாதி வைத்திருந்தேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு தம்பியும் அவளும் திரும்பி வந்தார்கள். நான் கூப்பிட்டதால் வரவில்லை. சித்தூர் வீட்டுக்காரர் வீட்டைக் கேட்டுவிட்டார். வந்த அன்றே அவள் என் மனைவியைப் பார்த்துப் பேசினாள். "அக்கா, நீங்க வேத்துட்டு உக்காந்திருந்தா எனக்கென்னங்க லாபம்? ஒயரைத் திரும்ப மாட்டச் சொல்லுங்க. பாஸ்வேர்டு மட்டும் இனி என்ற கையில இருக்கட்டும்." பங்காளிகள் முகம் சுளித்தார்கள். பங்கு அவர்களுக்கும் உண்டு. ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிக் கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான், மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனை நீட்டினாள். நான் புதுச் சொல்லைப் போடும்படி காட்டிவிட்டு, அவள் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போட்டு முடித்துவிட்டு அவள் கேட்டாள்:

"மாமா, அன்னிக்கு அவரு போய்ச் சேந்திருந்தா, நீங்க இதைச் சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன் அம்மிணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அதைத்தானுங்க நானும் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் உட்காரவா, போகவா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளேயிருந்து பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. காப்பி வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.